காளை கறக்குமா?

ஏழை வீட்டில் ஒரு பசு. காலையில் கறந்தால் அரைச் செம்பு பால். அதுவும் டீக்கடைக்குப் போய்விடும். பெற்ற பிள்ளைக்குப் பால் இல்லை! மாடு இருந்தும் பஞ்சம்.

கேரளத்தில் பல குடும்பங்களின் நிலைமை ஒரு காலத்தில் இப்படித்தான் இருந்தது. அதை மாற்ற 1963-ல் ஒரு வேலை தொடங்கியது. இடம், மூணாறு பக்கத்தில் உள்ள மாட்டுப்பட்டி. (பெயர்ப் பொருத்தத்தைப் பாருங்கள்!) சுவிட்சர்லாந்து அரசாங்கம் உதவி செய்தது. அங்கிருந்து 'பிரவுன் சுவிஸ்' காளைகள் வந்தன. உள்ளூர்ப் பசுக்களோடு அவற்றைச் சேர்த்தார்கள். இப்படிப் பிறந்த கலப்பினத்துக்கு 'சுனந்தினி' என்று பெயர். பிற்பாடு ஜெர்சி, ஹோல்ஸ்டீன் ரத்தமும் அதில் சேர்ந்தது.

முழுச் சீமை மாட்டையே வளர்த்தால் என்ன? அது குளிர் தேசத்து மாடு. இங்குள்ள வெயிலில் மூச்சு வாங்கும். தீனி எடுக்காது. உண்ணிக் காய்ச்சல் வந்தால் படுத்துவிடும். நாட்டு மாடு வெயிலைத் தாங்கும்; கிடைத்ததைத் தின்னும். ஆனால், பால் குறைவு. தாயின் உடல் உறுதியும், தகப்பன் வழிப் பாலும் ஒரே கன்றில் வரவேண்டும். கலப்பின் நோக்கம் அதுதான்.

இதில் ஒரு சங்கடம் உண்டு. காளை பால் கறக்காது. அப்படியானால், அது நல்ல காளையா என்று எப்படித் தெரியும்? அதன் மகள்களைக் கறந்து பார்த்துத்தான்! காளையின் வித்தில் பசுக்கள் சினையாக வேண்டும். ஒன்பது மாதம் கழித்துக் கன்று. அந்தக் கிடாரி வளர்ந்து, சினை பிடித்து, ஈன்று, கறக்க வேண்டும். பல வீடுகளில் உள்ள அதன் மகள்களின் பாலை அளந்து கணக்கு எழுத வேண்டும். இதற்குள் ஆறு, ஏழு வருஷம் ஓடிவிடும். அதுவரை வித்து கெடாமல் இருக்க, திரவ நைட்ரஜனில் மைனஸ் 196 டிகிரி குளிரில் வைக்கிறார்கள். காளை செத்தாலும் வித்து இருக்கும்!

சலிப்பான வேலைதான். பணம் ஒதுக்குகிறவர்களுக்கு அடுத்த வருஷமே பலன் தெரிய வேண்டும். ஆனால், இந்தக் கணக்கை விட்டால் ஏமாறுகிறவன் ஏழை. சினை ஊசிக்குக் காசு கொடுத்து, கிடாரியை மூன்று வருஷம் வளர்த்து, கடைசியில் மடி வற்றிக் கிடந்தால், அவன் யாரிடம் போய்க் கேட்பான்?

கேரளத்தில் ஒரு தவறும் நடந்தது. 1961-ம் ஆண்டுச் சட்டப்படி, உரிமம் இல்லாத காளைகளைக் காயடித்தார்கள். வைக்கம் பக்கத்து வெச்சூர்ப் பசு மூன்றடி உயரம்கூட இராது. அந்த இனம் ஏறக்குறைய அழிந்தே போயிற்று. 1989-ல் கேரள வேளாண் பல்கலைக்கழகப் பேராசிரியை சோசம்மா ஐப்பும் அவருடைய மாணவர்களும் ஊர் ஊராகத் தேடி, மிச்சம் இருந்தவற்றைக் காப்பாற்றினார்கள். 2022-ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

வெச்சூர்ப் பசு குடம் குடமாகக் கறக்காது. ஆனால், தீனிச் செலவு சொற்பம். நோய் நொடியும் குறைவு. கலப்பினப் பசுவோ நல்ல சாப்பாட்டுக்காரி! பச்சைப் புல், தவிடு, பிண்ணாக்கு எல்லாம் வேளைக்கு வேண்டும். வைக்கோலை மட்டும் போட்டால் பாலும் வராது; சினையும் நிற்காது; கடன்தான் நிற்கும்.

எனவே, மாடு வாங்கக் கடன் கொடுக்கிறவர்கள், "எத்தனை லிட்டர் கறக்கும்?" என்று பார்த்தால் மட்டும் போதாது. "அம்மா, புல் வளர்க்க உனக்கு இடம் இருக்கிறதா?" என்று முதலில் கேட்க வேண்டும். இல்லை என்றால், குட்டைப் பசுவையே வாங்கிக் கொடுக்கலாம்.