டிக் கட்டம் காலியாகத் தொடங்கட்டும்

பட்டம் தவறாமல் விதைப்பது போலவே, கடைசித் தேதி தவறாமல் விண்ணப்பம் பதிவதும் இன்று விவசாய வேலைகளில் ஒன்றாகிவிட்டது. பயிர்க் காப்பீடு, பி.எம். கிசான் உதவித்தொகை, சொட்டுநீர்ப் பாசன மானியம், விவசாயிகளுக்கான தனித்துவ அடையாள எண் என எதை எடுத்தாலும் கணினித் திரையில் ஒரு படிவம் வந்து நிற்கிறது. 2018-ல் உழவன் செயலி வந்த பிறகு, சேலம், நாமக்கல் மாவட்டச் சிற்றூர்களில் கைப்பேசித் திரையிலும் இத்தகைய படிவங்கள் பழக்கமாகிவிட்டன.

மண்வெட்டிக்குக் காம்பு நீளம் போதாது என்றால், உழவர் பட்டறையில் சொல்லி மாற்றிக்கொள்கிறார். திரையில் வரும் படிவமும் அவருக்கு ஒரு கருவிதான். ஆனால் அதன் அமைப்பைப் பற்றி அவரை யாரும் கேட்பதில்லை. குறிப்பாக, அந்தப் படிவத்தில் 'டிக்' அடிக்க வேண்டிய சிறு சதுரக் கட்டங்களைப் பற்றி எவரும் கவலைப்படுவதாகத் தெரியவில்லை. ஓர் உழவரின் பயிர் பதிவேட்டில் இடம்பெறுவதும், அவர் கணக்கிலிருந்து பணம் பிடிக்கப்படுவதும் பல சமயம் அந்தக் கட்டத்தைப் பொறுத்தே அமைகின்றன.

வட்டமும் சதுரமும்

ராசிபுரம் பக்கத்து விவசாயி ஒருவர் இ-சேவை மையத்தில் உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். அவருடைய ஒன்றரை ஏக்கரில் மரவள்ளி. இடையில் சின்ன வெங்காயம் ஊடுபயிர். வரப்போரம் பத்துத் தென்னை. கணினியில் பதியும் பெண் கேட்கிறார்: "ஒரு பயிருதாங்கய்யா எடுக்குது. எதைப் போடறதுங்க?" பெரியவர் சற்று யோசித்து, "குச்சிக்கெழங்குன்னே போட்டுரு கண்ணு" என்கிறார். அத்துடன் வெங்காயம் பதிவிலிருந்து மறைந்துவிடுகிறது.

இதில் அந்தப் பெண்ணின் தவறோ பெரியவரின் தவறோ இல்லை. தவறு படிவத்தை அமைத்தவருடையது. திரைப் படிவங்களில் தெரிவு செய்ய இரண்டு வகைக் குறிகள் உண்டு. ஒன்று வட்டம். இதை 'ரேடியோ பட்டன்' என்பார்கள். பழைய கார் ரேடியோவில் ஒரு பொத்தானை அழுத்தினால் முன்பு அழுத்தியிருந்தது தானாக வெளியே வந்துவிடும் அல்லவா, அதிலிருந்து வந்த பெயர் இது. பலவற்றில் ஒன்றை மட்டுமே தேர்ந்தெடுக்க இது உதவும். மற்றொன்று சதுரக் கட்டம். இதில் ஒவ்வொரு கட்டமும் தனி. ஒன்றும் அடிக்காமல் விடலாம், இரண்டு அடிக்கலாம், எல்லாவற்றையும் அடிக்கலாம்.

நிலம் பட்டாவில் யார் பெயரில் இருக்கிறது, தன் பெயரிலா தந்தை பெயரிலா என்று கேட்க வட்டம் பொருந்தும். என்ன பயிர் என்று கேட்கச் சதுரம்தான் பொருந்தும். தண்ணீருக்கும் அப்படியே. பரமத்தி வேலூர்ப் பக்கம் ராஜவாய்க்கால் பாசனம் உள்ள நிலத்தில் கிணறும் இருக்கும், சிலரிடம் ஆழ்துளைக் கிணறும் இருக்கும். 'பாசன ஆதாரம்' என்ற கேள்விக்கு ஒரே ஒரு வட்டம் கொடுத்தால் அவர் எதைச் சொல்வார்? நாமக்கல் சுற்றுவட்டாரத்தில் பயிரோடு ஆடும் மாடும் கோழியும் வைத்திருப்பவரே அதிகம். 'தொழில்' என்ற இடத்தில் ஒன்றைத்தான் குறிக்கலாம் என்றால், பாதி வருமானம் கணக்கில் வராது.

கிராம நிர்வாக அலுவலர் எழுதும் இரண்டாம் எண் கணக்கான அடங்கலில், பேனா பிடித்தவருக்குப் பக்கத்தில் ஒரு குறிப்பு எழுத இடமிருந்தது. கணினிப் படிவத்தில் கட்டம் இல்லாவிட்டால் அந்த விஷயமே இல்லை. இரண்டு மாதத்தில் அறுவடைக்கு வரும் வெங்காயம் மழையில் அழுகிப்போனால், பத்து மாத மரவள்ளி மட்டும் நிற்கும் பதிவை வைத்துக்கொண்டு அந்த இழப்பை எப்படிக் காட்டுவது?

அடிக்காத கட்டம் பேசாது

அதிகம் பேருக்குத் தெரியாத இன்னொரு விஷயமும் உண்டு. வலைப்பக்கம் அமைக்கும் எச்.டி.எம்.எல். மொழியின் 2.0 பதிப்பு 1995 நவம்பரில் வெளியானது. அதிலேயே டிக் கட்டத்துக்கு விதி இருக்கிறது. ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு பெயரும் ஒரு மதிப்பும் கொடுக்க வேண்டும். டிக் அடித்து அனுப்பினால் பெயரும் மதிப்பும் மறுமுனைக்குப் போகும். அடிக்காவிட்டால் 'இல்லை' என்று போகாது, எதுவுமே போகாது.

ஆகவே 'ஆழ்துளைக் கிணறு உண்டு' என்ற கட்டம் வெறுமையாக இருந்தால், கிணறு இல்லை என்று பொருளா, மையத்தில் கேட்கவே இல்லை என்று பொருளா, அவசரத்தில் விட்டுப்போனதா என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் அறிக்கை தயாரிக்கும்போது அது 'இல்லை' என்றே எண்ணப்படக்கூடும். முக்கியமான கேள்விகளுக்கு ஒற்றைக் கட்டம் வைப்பது சரியல்ல. 'ஆம்', 'இல்லை', 'தெரியாது' என மூன்று வட்டங்கள் கொடுத்து, ஒன்றைத் தொடாமல் அடுத்த பக்கம் போக முடியாதபடி அமைப்பதே முறை.

பட்டியலின் முடிவில் 'மற்றவை' என்ற கட்டமும், அருகே எழுத இடமும் அவசியம். மரவள்ளி மாவுப்பூச்சி நாட்டுக்குள் கண்டறியப்பட்டது 2020-ல்தான். விரைவிலேயே சேலம், நாமக்கல் மரவள்ளித் தோட்டங்களை அது வாட்டியது. அதை அடக்கும் ஒட்டுண்ணிக் குளவி 2022 மார்ச்சில் ஏத்தாப்பூர் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் வெளியிடப்பட்டது. 2019-ல் தயாரித்த பூச்சிப் பட்டியலில் அந்தப் பூச்சிக்குக் கட்டம் இருக்க வழியில்லை. புதிதாக வரும் தொல்லையை முதலில் காண்பவர் உழவர். அவர் சொல்ல இடம் வேண்டாமா?

முன்கூட்டியே அடித்த டிக்

எல்லாவற்றிலும் கவலைக்குரியது, படிவம் திறக்கும்போதே டிக் அடித்து வரும் கட்டம். இதை அமைப்பவருக்கு ஒரே ஒரு சொல் வேலை. கட்டத்தின் குறிப்பில் அந்தச் சொல்லைச் சேர்த்தால் போதும், பார்க்காதவரெல்லாம் சம்மதித்தவர் ஆகிவிடுவார்.

காகிதத்திலும் இதே முறை உண்டு. 2016-ல் தொடங்கிய பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், பயிர்க்கடன் பெற்றோர் சேருவது முதலில் கட்டாயமாக இருந்தது. 2020 காரிப் பருவம் முதல் அது அவரவர் விருப்பம் என்று மாற்றப்பட்டது. ஆனால் வேண்டாம் என்போர், பதிவின் கடைசி நாளுக்குக் குறைந்தது 7 நாட்களுக்கு முன்பே வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ எழுதிக் கொடுக்க வேண்டும் என்று விதி செய்தார்கள். எழுதிக் கொடுக்காதவர் சேர்ந்தவராகவே கொள்ளப்படுவார். முன்கூட்டியே டிக் அடித்த கட்டம் என்பது இதுவேதான்.

உணவு தானியத்துக்கும் எண்ணெய் வித்துக்கும் விவசாயி கட்டும் பிரீமியம் காரிப் பருவத்தில் 2 சதவீதம், ராபி பருவத்தில் 1.5 சதவீதம். தோட்டப்பயிர், பணப்பயிர்களுக்கு 5 சதவீதம் வரை. காப்பீட்டுத் தொகை ரூ.40,000 என்றால் மரவள்ளிக்கோ வாழைக்கோ ரூ.2,000 ஆகிறது. கேட்காமலே இது கடன் கணக்கில் ஏறும்போது வருத்தம் வருவது இயல்பு.

இதற்கு எதிர்வாதமும் உண்டு, அதை ஒதுக்கிவிட முடியாது. மறதியால் காப்பீடு செய்யாமல் விட்டுவிட்டு, வறட்சியோ புயலோ வந்தபின் கையைப் பிசைந்து நிற்கும் குடும்பங்கள் எத்தனையோ. 'தானாகச் சேர்த்துவிடுவதால் அவர்கள் காப்பாற்றப்படுகிறார்கள்' என்று அதிகாரிகள் சொன்னால் அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் கேட்காமல் சேர்க்கப்பட்டவருக்குத் தம் பெயரில் காப்பீடு இருப்பதே தெரியாமல் போகலாம். பயிர் மாறியதைச் சொல்ல மாட்டார், சேதம் நேர்ந்தால் உரிய காலத்தில் அறிவிக்கவும் மாட்டார். தெரியாத காப்பீடு பூட்டிய பெட்டிக்குள் இருக்கும் விதைநெல் போன்றது. கடன் பெறும் நாளிலேயே 'வேண்டும்', 'வேண்டாம்' என்ற இரண்டையும் காட்டி, பிரீமியத் தொகையையும் சொல்லிக் கேட்டுவிட்டால், மறதிக்கும் இடமில்லை, வருத்தத்துக்கும் இடமில்லை.

வெளிநாடுகளில் இது நீதிமன்றம் வரை போயிருக்கிறது. முன்கூட்டியே டிக் அடித்த கட்டத்தைச் சம்மதமாகக் கொள்ள முடியாது என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2019 அக்டோபர் 1-ம் தேதி தீர்ப்பளித்தது. நம் நாட்டிலும், வாங்குபவர் சம்மதமின்றிப் பொருளையோ சேவையையோ கணக்கில் சேர்ப்பதை, 2023 நவம்பரில் வெளியான நுகர்வோர் பாதுகாப்பு வழிகாட்டு நெறிகள் தவறான வழக்கம் என்று பட்டியலிட்டன. அதே 2023-ல் இயற்றப்பட்ட மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், சம்மதம் என்பது விவரம் அறிந்து, தெளிவான ஒரு செயலால் தரப்பட வேண்டும் என்கிறது. சம்மதம் கோரும் வாசகத்தைத் தமிழ் உள்ளிட்ட எட்டாவது அட்டவணை மொழிகளில் படிக்க வழி வேண்டும் என்றும் அது கூறுகிறது. இதற்கான விதிகள், படிப்படியாக நடைமுறைக்கு வரும்படி, 2025 நவம்பரில் வெளியாயின. அரசு மானியம் வழங்கும் காரியங்களுக்கு அச்சட்டத்தில் சில விலக்குகள் உண்டு என்பது உண்மையே. விலக்கு இருப்பதால் உழவரைக் கேட்க வேண்டியதில்லை என்று ஆகிவிடாது. தனியார் கம்பெனியிடம் எதிர்பார்க்கும் நேர்மையை அரசுப் படிவம் ஒரு படி மேலாகவே காட்ட வேண்டும்.

எப்படி அமைப்பது?

படிவம் தயாரிக்கும் துறைகள் பெரிதாகச் செலவு செய்ய வேண்டியதில்லை. பின்வரும் சிலவற்றைக் கடைப்பிடித்தால் போதும்.

பணம் பிடிப்பது, விவரத்தைப் பிறருக்குத் தருவது ஆகியவற்றுக்கான கட்டங்கள் எப்போதும் காலியாகவே தொடங்க வேண்டும். ஒரு கட்டத்துக்கு ஒரு சம்மதம்தான். ஆதார் சரிபார்ப்பு, நில விவரப் பகிர்வு, விளம்பரக் குறுஞ்செய்தி மூன்றையும் ஒரே டிக்கில் கட்டக் கூடாது. 'அனைத்தையும் தேர்ந்தெடு' என்ற கட்டம் சம்மதப் பகுதியில் இருக்கவே கூடாது.

ஒன்றுக்கு மேல் பதில் இருக்கக்கூடிய இடத்தில் சதுரமும், ஒன்றே பதிலாகும் இடத்தில் வட்டமும் வைக்க வேண்டும். டிக் அடித்த ஒவ்வொரு பயிருக்கும் பரப்பளவு கேட்கும் இடம் திறக்க வேண்டும்.

கட்டத்தின் அருகில் உள்ள வாசகத்தைத் தொட்டாலும் டிக் விழும்படி இரண்டையும் இணைக்க வேண்டும். வெயிலில், காப்புக் காய்த்த விரலால் கடுகளவு சதுரத்தைத் தொடுவது கஷ்டம். தொடும் இடம் குறைந்தது 24-க்கு 24 பிக்சல் இருக்க வேண்டும் என்று 2023 அக்டோபரில் வெளியான உலக வலைத்தள அணுகல் நெறி கூறுகிறது. அதைவிடப் பெரிதாக இருந்தால் இன்னும் நல்லது.

வாசகம் ஊர்ப் பேச்சுக்கு ஒத்ததாக இருக்க வேண்டும். 'மரவள்ளி' என்பதன் பக்கத்தில் 'குச்சிக்கிழங்கு' என்றும் போட்டால் யாரும் கெட்டுவிட மாட்டார்கள். 'வேண்டாம் என்பதை விரும்பவில்லை' என்பது போன்ற இரட்டை எதிர்மறை எந்த இடத்திலும் கூடாது.

கடைசியாக, அனுப்புமுன் எல்லாக் கேள்விகளையும், அடித்தவை, அடிக்காதவை இரண்டையும், ஒரே பக்கத்தில் தமிழில் காட்டி, அச்சிட்டுக் கையில் தர வேண்டும்.

உழவர் செய்ய வேண்டியது

படிவம் திருந்தும்வரை உழவர்கள் சும்மா இருக்க வேண்டியதில்லை. இ-சேவை மையத்தில் "ஆச்சுங்க, போய்ட்டு வாங்க" என்று சொன்னதும் எழுந்துவிடக் கூடாது. திரையைத் தம் பக்கம் திருப்பச் சொல்லி, அடித்துள்ள ஒவ்வொரு டிக்கையும் வாசிக்கச் சொல்லலாம். அது மரியாதைக் குறைவு ஆகாது. சிட்டா, அடங்கல், வங்கிப் புத்தகத்தோடு, பயிர்களையும் பரப்பையும் எழுதிய ஒரு துண்டுச் சீட்டையும் கொண்டுபோவது நல்லது. கடன் வாங்கும் சங்கத்தில் காப்பீடு பற்றிக் கேட்டு, வேண்டும் என்றாலும் வேண்டாம் என்றாலும் எழுத்து மூலம் சொல்லி, ரசீதை வாங்கி வைக்க வேண்டும். படித்த பிள்ளைகள் வீட்டில் இருந்தால் உடன் அழைத்துச் செல்லலாம்.

விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டம் கலெக்டர் அலுவலகங்களில் நடக்கிறது. ஏரி, வாய்க்கால், உரம் பற்றிப் பேசும்போது இந்தக் கட்டத்தைப் பற்றியும் பேச வேண்டும். 'ஊடுபயிருக்கு இடம் இல்லை', 'கேட்காமல் டிக் இருந்தது' என்று நான்கு பேர் மனு கொடுத்தால் படிவத்தைத் திருத்தச் சொல்லி மேலிடத்துக்கு எழுத அதிகாரிகளுக்கும் ஒரு காரணம் கிடைக்கும்.

காலி நிலத்தில் எதை விதைப்பது என்று முடிவு செய்பவர் உழவர். காலிக் கட்டத்தில் டிக் அடிப்பதா என்று முடிவு செய்பவரும் அவராகவே இருக்க வேண்டும். சம்பந்தப்பட்ட துறைகள் அடுத்த பருவப் பதிவு தொடங்குமுன் இதில் ஆவன செய்தால், சேலம், நாமக்கல் உழவர்கள் மட்டுமன்றி மாநிலம் முழுவதும் உள்ளவர்கள் பயன் பெறுவார்கள்.