பக்கச் சக்கர ஸ்கூட்டரில் ‘டப் டப்’ சத்தமா? சைலன்சர் இணைப்பைக் கவனியுங்கள்!

காலையில் வண்டியை ஸ்டார்ட் செய்ததும் சீட்டுக்கு அடியிலிருந்து ‘டப்... டப்... டப்’ என்று ஒரு சத்தம். இரண்டு தெரு தாண்டுவதற்குள் அது குறைந்துவிடும். ‘தானாகச் சரியாகிவிட்டது’ என்று வேலைக்குப் போய்விடுவார்கள். மறுநாள் காலையில் அதே சத்தம், கொஞ்சம் கூடுதலாக!

இருபுறமும் இணைப்புச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டரை ஓட்டும் மாற்றுத்திறனாளிகள் பலருக்கு இது பழகிப்போன தொல்லை. தமிழக அரசின் மாற்றுத்திறனாளிகள் நலத்துறை வழங்கும் வண்டியோ, சொந்தக் காசில் சக்கரம் பொருத்திய வண்டியோ, இந்தச் சத்தத்துக்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான். இன்ஜினும் சைலன்சர் குழாயும் சேரும் இடம் தளர்ந்திருக்கும்.

சரிசெய்ய ஆகும் செலவு குறைவு. ஆனால் தள்ளிப்போட்டால், இந்த வண்டியை ஓட்டுபவருக்கு மற்றவர்களைவிட ஆபத்து அதிகம்.

யாருக்கு என்ன ஆபத்து?

சாதாரண ஸ்கூட்டர் ஓட்டுபவர் சத்தம் கேட்டால் இறங்கிக் குனிந்து பார்த்துவிடுவார். வண்டி நின்றுபோனால் தள்ளிக்கொண்டு போவார். பக்கச் சக்கர வண்டி ஓட்டுபவர்களில் பலரால் இந்த இரண்டும் முடியாது. சைலன்சர் பாதி வழியில் கழன்று தொங்கினால், யாராவது உதவிக்கு வரும்வரை சாலையோரம் காத்திருக்க வேண்டியதுதான்.

அடுத்தது சூடு. போலியோ பாதித்த கால்களுக்கு உணர்ச்சி இருக்கும், சுட்டால் தெரியும். முதுகுத்தண்டில் அடிபட்டவர்களுக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி குறைந்தோ, இல்லாமலோ இருக்கலாம். தளர்ந்த இணைப்பிலிருந்து சீறும் சூடான புகை குதிகாலில் பட்டாலும், ஏறி இறங்கும்போது குழாயில் கால் உரசினாலும் அவர்களுக்குத் தெரியாது. சுமார் 70 டிகிரி செல்சியஸ் சூடு ஒரு நொடி பட்டாலே தோல் வெந்துவிடும். ஓடி நின்ற வண்டியின் சைலன்சர் குழாய் அதைவிடப் பல மடங்கு சூடாக இருக்கும். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதுதான் கொப்புளம் கண்ணில் படும்.

மூன்றாவது ஆபத்து கண்ணுக்கே தெரியாதது. இன்ஜின் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. அதற்கு நிறமோ மணமோ கிடையாது. ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினுடன் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் வலுவாக ஒட்டிக்கொள்ளும். திறந்த சாலையில் காற்றோடு கலைந்துபோகும். ஆனால், ஏறி இறங்க வசதியாகப் பலர் வண்டியை வராண்டாவிலோ, வீட்டின் முன்னறையிலோ நிறுத்துகிறார்கள். அங்கேயே ஸ்டார்ட் செய்து ‘கொஞ்சம் சூடாகட்டும்’ என்று ஓடவிட்டால் புகை வீட்டுக்குள் தங்கிவிடும். தலைவலி, மயக்கம், குமட்டல் வந்தால் உடனே எல்லோரும் வெளிக்காற்றுக்கு வந்துவிட வேண்டும். இணைப்பு சரியாக இருக்கும் வண்டியையும் வீட்டுக்குள் ஓடவிடக் கூடாது.

ஏன் தளர்கிறது?

இரு சக்கர வண்டி ஓட்டுபவர் பள்ளத்தைக் கண்டால் வளைந்து விலகிவிடுவார். பக்கச் சக்கர வண்டிக்கு அந்த வசதி இல்லை. ஒரு சக்கரம் தப்பினால் இன்னொன்று விழும். அந்தக் குலுக்கலும் இன்ஜினின் அதிர்வும் சேர்ந்து நட்டுகளைக் கொஞ்சம் கொஞ்சமாக இளக்கிவிடும். குழாய் தினமும் சூடாகி விரிகிறது, ஆறியதும் சுருங்குகிறது. நடுவில் இருக்கும் ‘பேக்கிங்’ எனப்படும் கேஸ்கெட் வளையம் நசுங்கித் தேய்கிறது. உயரமான வேகத்தடையில் சைலன்சரின் அடிப்பக்கம் இடித்தாலும் இணைப்பு விலகும்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

• குளிர்ந்த இன்ஜினில் சத்தம் அதிகம், சூடானதும் குறைகிறது. உலோகம் விரிந்து இடைவெளியைத் தற்காலிகமாக மூடுவதால் இப்படி.

• ஆக்சிலேட்டரை விட்டதும் சைலன்சரில் ‘பட் பட்’ என்று வெடிக்கிறது.

• இணைப்பைச் சுற்றிக் கரி படிந்திருக்கிறது. இதுதான் உறுதியான அடையாளம். மொபைல் டார்ச்சை அடித்து, வீட்டில் ஒருவரைக் குனிந்து பார்க்கச் சொன்னால் போதும். ஒரு போட்டோ எடுத்துக் காட்டச் சொன்னால் ஓட்டுபவரே பார்த்துவிடலாம்.

• 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பிஎஸ்-6 வண்டிகளில் மைலேஜ் குறையலாம். இன்ஜின் விளக்கும் எரியலாம். இடைவெளி வழியே நுழையும் காற்று ஆக்சிஜன் சென்சாரை ஏமாற்றுவதால், வண்டி தேவைக்கு மேல் பெட்ரோல் குடிக்கும்.

சரிசெய்வது எப்படி?

ஸ்பேனர் பிடிக்கப் பழகியவர் வீட்டில் இருந்தால் இதை வீட்டிலேயே செய்யலாம். சில வண்டிகளில் வலப்பக்கச் சக்கரத்தைக் கழற்றினால்தான் கை நுழையும். அப்படியானால் மெக்கானிக்கிடம் விடுவதே நல்லது.

1. வண்டி முழுவதும் ஆறியிருக்க வேண்டும். இரவு நிறுத்திய வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன் தொடுவது உத்தமம். சக்கரங்களுக்குக் கல் வையுங்கள்.

2. இணைப்பில் இருக்கும் இரண்டு நட்டுகளிலும் துரு இளக்கும் ஆயிலை அடித்து அரை மணி நேரம் விடுங்கள். அவசரப்பட்டு முறுக்கினால் ஸ்டட் ஒடிந்துவிடும். ஒடிந்த ஸ்டட்டை எடுக்க லேத் பட்டறைக்குப் போக வேண்டியிருக்கும். சின்ன வேலை பெரிய செலவாகிவிடும்.

3. குழாயில் சென்சார் வயர் இருந்தால் முதலில் அதன் கனெக்டரைப் பிரியுங்கள். பிறகு நட்டுகளையும், சைலன்சரைத் தாங்கும் போல்ட்டுகளையும் கழற்றுங்கள்.

4. பழைய கேஸ்கெட்டைத் துணுக்கு விடாமல் எடுத்து, கரியைச் சுரண்டித் துடையுங்கள். ஒருமுறை நசுங்கிய கேஸ்கெட் மறுபடி சரியாக அடைக்காது. அந்த மாடலுக்கு உரிய புதியதையே போட வேண்டும். சில பத்து ரூபாய்தான். பொருத்தும்போது கீழே விழாமல் இருக்க லேசாக கிரீஸ் தடவி ஒட்டலாம்.

5. எல்லா நட்டு, போல்ட்டுகளையும் முதலில் கையால் மட்டும் திருகுங்கள். அடுத்து இன்ஜின் பக்க நட்டுகளை மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள். தாங்கு போல்ட்டுகள் கடைசியில். வரிசை மாறினால் குழாய் கோணலாக உட்கார்ந்து, ஒரு பக்கம் இடைவெளி விழும்.

6. பலத்தையெல்லாம் காட்டி முறுக்கக் கூடாது. இன்ஜின் ஹெட் அலுமினியம், மரை போய்விடும். உள்ளே பிளாஸ்டிக் வளையம் உள்ள நட்டும் இங்கே வேண்டாம், சூட்டில் உருகிவிடும்.

7. வயரை மறுபடி இணைத்து, வண்டியைத் திறந்த வெளியில் ஸ்டார்ட் செய்யுங்கள். கையுறை போட்டு, ஈரமான தடித்த துணியால் சைலன்சரின் வால் பகுதியை இரண்டு நொடி மட்டும் அடையுங்கள். இணைப்பில் ‘உஸ்’ சத்தம் இல்லை என்றால் வேலை முடிந்தது.

8. ஒருநாள் ஓட்டியபின் நன்றாக ஆறவிட்டு, நட்டுகளை இன்னொரு முறை பாருங்கள். புது கேஸ்கெட் சூட்டில் படிந்ததும் நட்டு சற்று இளகும்.

இடைவெளியில் பசை அப்புவது, தகரத்தைச் சுற்றிக் கம்பியால் கட்டுவது எல்லாம் சில நாள் வைத்தியம். சாதாரணப் பசை அந்தச் சூட்டைத் தாங்காது. குழாயே விரிசல் விட்டிருந்தால் கழற்றித்தான் வெல்டிங் வைக்க வேண்டும். வண்டியில் வைத்தபடியே வெல்டிங் செய்தால் எலெக்ட்ரானிக் பாகங்கள் பழுதாகலாம்.

மெக்கானிக்கிடம் என்ன சொல்வது?

“தம்பி, சத்தம் வருது, பாரு” என்றால் நட்டை இறுக்கிவிட்டு அனுப்பிவிடக்கூடும். “தம்பி, பேக்கிங்கைப் புதுசா மாத்திடு. நட்டு, ஸ்டட்டையும் பாரு. குழாய் பக்கச் சக்கரக் கம்பியில உரசுதான்னும் பார்த்துடு” என்று கேட்டு வாங்குவது நல்லது. கால்களில் உணர்ச்சி இல்லாதவர்கள், சைலன்சரின் சூட்டுத் தடுப்புத் தகடு ஆடாமல் இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்ல வேண்டும்.

சுட்டுவிட்டால்?

சுட்ட இடத்தை ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். பேனா மை, தோசை மாவு, பற்பசை எதுவும் வேண்டாம். கொப்புளத்தை உடைக்காதீர்கள். உணர்ச்சி இல்லாத காலில் காயம் சிறிதாகத் தெரிந்தாலும் அன்றே டாக்டரைப் பார்த்துவிடுங்கள். வலி இல்லை என்பதால் காயம் ஆழமில்லை என்று ஆகிவிடாது.

வீட்டில் இப்படி ஒரு வண்டி இருந்தால், மாதம் ஒருமுறை டயருக்குக் காற்று பார்க்கும் நாளில் சைலன்சர் இணைப்பையும் டார்ச் அடித்துப் பாருங்கள். ஓட்டுபவரால் குனிய முடியாத இடத்தை வீட்டில் உள்ள இன்னொருவர் பார்த்துச் சொல்ல ஒரு நிமிடம் போதும்.