சுகர் உள்ளவரோடு ஒரே சஹனில் சாப்பிடலாமா? குடல் கிருமிகள் பற்றிய அச்சமும் உண்மையும்

ஒரே சஹனைச் சுற்றி நான்கு பேர் உட்கார்ந்து சாப்பிடுவது நம் ஊர்கள் பலவற்றில் இன்றும் உள்ள பழக்கம். அந்தச் சஹனைப் பிரித்துவிட, "குடல் கிருமி மூலம் சுகர் பரவுகிறது" என்று வாட்ஸ்அப்பில் வரும் ஒரு வரி போதும். வாப்பாவுக்குத் தனித் தட்டு, பாட்டிக்குத் தனி டம்ளர் என்று ஆகிவிடும். ஏற்கனவே "அந்த வீட்டில் எல்லோருக்கும் சுகர்" என்று சொல்லிச் சம்பந்தத்தைத் தட்டிக்கழிப்பவர்கள் இருக்கிறார்கள். ஆகவே இந்தச் செய்தியில் எது உண்மை, எது யூகம் என்பதை நாம் நிதானமாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

இந்தக் கருத்து வெறும் வதந்தி அல்ல. கனடாவைச் சேர்ந்த நுண்ணுயிரியல் அறிஞர் பிரெட் ஃபின்லேயும் அவருடைய சகாக்களும் 2020 ஜனவரியில் 'சயின்ஸ்' இதழில் இதை ஒரு கேள்வியாக முன்வைத்தார்கள். உடல் பருமன், நீரிழிவு, இதய நோய் போன்றவற்றை நாம் 'தொற்றா நோய்கள்' என்கிறோம். இந்த நோயாளிகளின் குடலில் வாழும் கிருமிகளின் கூட்டம் மாறியிருக்கிறது. அந்தக் கிருமிகள் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போகக்கூடியவை. அப்படியானால் நோயின் ஒரு பங்கும் அவற்றோடு சேர்ந்து போகுமா? இதுதான் அவர்கள் கேட்டது. இதை ஒரு கருதுகோள் என்றே அவர்கள் சொன்னார்கள். நிரூபிக்கப்பட்ட உண்மை என்று சொல்லவில்லை.

இந்தக் கேள்வி நம் மண்ணுக்குப் புதியதும் அல்ல. ஜவ்வாது மலையடிவாரத்தில் இருக்கும் படவேடு, அன்று வேலூரைத் தலைநகராகக் கொண்ட வடஆற்காடு மாவட்டத்தில் இருந்தது. 1960-களின் தொடக்கத்தில் அந்த மாவட்டத்தின் கிராமங்களில் ஒரு விசித்திரமான நோய் பரவியது. மாதக்கணக்கில் வயிற்றுப்போக்கு நிற்காது. சாப்பிட்டது உடம்பில் ஒட்டாது. இரத்தம் குறைந்து, ஆள் எலும்பும் தோலுமாகிவிடுவார். நாட்டு வைத்தியர்கள் 'கிராணி' என்று சொல்லும் கழிச்சலைப் போன்றது அது. மருத்துவர்கள் அதை 'ட்ராபிக்கல் ஸ்ப்ரூ' என்றார்கள். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் செல்வின் பேக்கர், வி. ஐ. மாத்தன் ஆகியோர் கிராமங்களுக்கே சென்று அதை ஆராய்ந்தார்கள்.

அவர்கள் கண்டது முக்கியமானது. சத்துக் குறைவால் தனித்தனி ஆட்களுக்கு வரும் நாள்பட்ட நோய் என்று கருதக்கூடிய ஒன்று, கொள்ளைநோயைப் போல ஊர் ஊராகப் பரவியிருந்தது. நோயாளிகளின் சிறுகுடலில் இருக்கக்கூடாத அளவுக்குப் பாக்டீரியாக்கள் பெருகியிருந்தன. ஆனால் 'இந்த ஒரு கிருமிதான் காரணம்' என்று எதையும் சுட்டிக்காட்ட முடியவில்லை. ஃபோலிக் அமிலமும் டெட்ராசைக்ளின் போன்ற ஆண்டிபயாட்டிக்கும் இந்த நோய்க்குச் சிகிச்சையாகின. பின்னாளில் அந்த நோய் வெகுவாகக் குறைந்துவிட்டது.

அல்சரின் கதையும் இதுதான். மனக்கவலையும் காரமும்தான் வயிற்றுப் புண்ணுக்குக் காரணம் என்று நெடுங்காலம் நம்பினோம். ஆஸ்திரேலிய மருத்துவர் பேரி மார்ஷல் 1984-ல் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியாவைத் தாமே குடித்து, வயிற்றில் அழற்சி வருவதைக் காட்டினார். அவருக்கும் ராபின் வாரனுக்கும் 2005-ல் நோபல் பரிசு கிடைத்தது. அந்தக் கிருமி பெரும்பாலும் குழந்தைப் பருவத்தில், வீட்டுக்குள்ளேயே ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு வருகிறது. ஆக, சில நாள்பட்ட நோய்களுக்குப் பின்னால் பரவும் கிருமி இருப்பது உண்மைதான்.

ஆனால் சுகரும் பருமனும் அப்படியா?

2023-ல் 'நேச்சர்' இதழில் வந்த ஓர் ஆய்வு, பல நாடுகளைச் சேர்ந்த 9,700-க்கும் மேற்பட்ட மாதிரிகளைப் பரிசோதித்தது. முதல் வயதில் குழந்தையின் குடல் கிருமி வகைகளில் ஏறத்தாழ பாதி தாயுடன் பொதுவாக இருந்தது. ஒரே வீட்டில் வாழ்பவர்களிடையே குடல் கிருமிகளில் சுமார் 12 சதவீதமும், வாயில் உள்ள கிருமிகளில் சுமார் 32 சதவீதமும் பொதுவாக இருந்தன. கிருமிகள் பரிமாறப்படுகின்றன என்பதில் ஐயமில்லை. ஆனால் கிருமி பரவுவது வேறு, நோய் பரவுவது வேறு. கெட்டவை போவதைப் போலவே நல்லவையும்தான் போகின்றன.

2013-ல் அமெரிக்காவில் எலிகளை வைத்து நடந்த ஒரு சோதனை இதைத் தெளிவாக்குகிறது. இரட்டையரில் ஒருவர் பருமன், மற்றவர் ஒல்லி. பருமனானவரின் குடல் கிருமிகளைப் பெற்ற எலிகளுக்குக் கொழுப்பு கூடியது. பிறகு இரு வகை எலிகளையும் ஒரே கூண்டில் விட்டார்கள். நார்ச்சத்து மிகுந்த, கொழுப்பு குறைந்த தீனி கொடுத்தபோது ஒல்லியானவரின் கிருமிகள் மற்ற எலிகளிடம் போய் அவற்றைக் காத்தன. கொழுப்பு மிகுந்த, நார்ச்சத்து குறைந்த தீனியில் அந்தப் பாதுகாப்பு கிடைக்கவில்லை. அதாவது, வந்த கிருமி தங்குமா தங்காதா என்பதை உணவுதான் தீர்மானித்தது.

மனிதர்களில், ஒரே வீட்டில் பலருக்குச் சுகர் இருப்பதற்கு நேரான காரணங்கள் பல உண்டு. மரபணு ஒன்று, அடுப்பு ஒன்று, நெய்ச்சோறும் இனிப்பும் ஒன்று, நடக்காமல் உட்கார்ந்திருக்கும் பழக்கமும் ஒன்று. 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு, இந்தியாவில் 10.1 கோடி பேருக்கு நீரிழிவு இருப்பதாகவும் இன்னும் 13.6 கோடி பேர் அதன் விளிம்பில் நிற்பதாகவும் மதிப்பிட்டது. இந்தக் காரணங்களை விட்டுவிட்டு, சேர்ந்து சாப்பிட்டதன் மேல் பழியைப் போட எந்த ஆதாரமும் இல்லை.

எனவே சுகர் உள்ளவரைத் தள்ளி உட்கார வைக்க மருத்துவக் காரணம் எதுவும் இல்லை. நோயாளியை நலம் விசாரிப்பதை ஒரு முஸ்லிம் இன்னொரு முஸ்லிமுக்குச் செய்ய வேண்டிய கடமையாகக் கற்ற சமுதாயம் நாம். அறிவியலின் பெயரால் புதிய தீண்டாமை ஒன்றை வீட்டுக்குள் விட்டுவிடக் கூடாது.

நாம் செய்ய வேண்டியவை வேறு. கழிப்பறை சென்று வந்ததும், சஹனில் கை வைக்கும் முன்பும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். சளி, காய்ச்சல் என்றதும் மருந்துக் கடையில் கேட்டு ஆண்டிபயாட்டிக் வாங்கி விழுங்குவதை விட வேண்டும். அது நல்ல குடல் கிருமிகளையும் அழிக்கும். நாள்பட்ட வயிற்று வலியை 'கேஸ்' என்று தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். 'மக்களைத் தேடி மருத்துவம்' ஊழியர்கள் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பார்க்க வீடு தேடி வரும்போது, பெண்களும் பெரியவர்களும் தவறாமல் பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.

சஹனைப் பிரிக்க வேண்டாம். அதில் சோற்றைக் குறைத்து, காய்கறியையும் கீரையையும் பயறையும் கூட்டுவோம். அந்த மாற்றம் வாப்பாவுக்கு மட்டுமல்ல, அவரோடு உட்காரும் பேரப்பிள்ளைக்கும் நல்லது, இன்ஷா அல்லாஹ்.