பல்கலைக்கழக நூலகம் சமூகத்துக்கும் உரியதே

பல்கலைக்கழக நூலகம் என்றதும் பலருடைய மனக்கண்ணில் தோன்றுவது ஒரே காட்சிதான். நீண்ட மேசைகள், வரிசை வரிசையாக நூலடுக்குகள், தலை நிமிராமல் தேர்வுக்குப் படிக்கும் மாணவர்கள். அங்கு உரக்கப் பேசுவதே தவறு என்னும் எண்ணம் மக்களிடையே ஆழமாகப் பதிந்துள்ளது. அத்தகைய இடத்தில் நூல் வெளியீடு, கோலக் கண்காட்சி, முதியோரின் அனுபவப் பகிர்வு, பொங்கல் விழா போன்றவற்றை நடத்தலாமா? இக்கேள்விக்கு இருவேறு விடைகள் கூறப்படுகின்றன. நூலகம் படிப்பதற்கு மட்டுமே என்பது ஒரு சாராரின் கருத்து. நூலகம் சமூகத்தின் பொதுச்சொத்து என்பது மற்றொரு சாராரின் கருத்து. இவ்விரண்டையும் சீர்தூக்கிப் பார்த்தால், முறையாகத் திட்டமிடப்படும் சமூக, பண்பாட்டு நிகழ்ச்சிகள் பல்கலைக்கழக நூலகத்துக்குத் தேவையானவை என்பது தெளிவாகும்.

முதலில் எதிர்க்கருத்தை நேர்மையாக நோக்குவது நல்லது. பட்டப்படிப்பு மாணவர்களுக்கு அமைதியான இடம் வேண்டும். வாடகை அறைகளிலும் நெருக்கடியான விடுதிகளிலும் தங்கிப் படிப்போருக்கு நூலகமே ஒரே புகலிடம். ஒலிபெருக்கியும் கைதட்டலும் அவர்களின் கவனத்தைச் சிதறடிக்கும். மேலும், நூலகத்தின் நிதி நூல்களும் ஆய்விதழ்களும் வாங்குவதற்கே போதாத நிலையில், விழாக்களுக்குச் செலவிடுவது முறையா என்ற கேள்வியும் எழுகிறது. விழா நடத்த மண்டபங்கள் பல உள்ளன. நூலகமோ ஒன்றுதான் உள்ளது. இவ்வாதங்களை எளிதில் ஒதுக்கிவிட முடியாது.

ஆயினும், ஒரு வரலாற்று உண்மையை மறந்துவிடலாகாது. மலாயாவில் பல்கலைக்கழகத் தமிழ்க்கல்வி பிறந்ததே சமூகத்தின் முயற்சியால்தான். மலாயாப் பல்கலைக்கழகம் 1949ஆம் ஆண்டு சிங்கப்பூரில் தொடங்கப்பட்டது. அங்கு இந்திய ஆய்வியல் துறை அமையவிருந்தபோது, எந்த மொழிக்கு முதலிடம் கொடுப்பது என்ற விவாதம் எழுந்தது. தமிழுக்கே முதலிடம் வேண்டும் எனத் ‘தமிழ் முரசு’ ஆசிரியர் கோ. சாரங்கபாணி உறுதியாகக் குரல் கொடுத்தார். அத்துடன் அவர் நின்றுவிடவில்லை. துறை இருந்தால் போதாது, மாணவர்கள் படிக்கத் தமிழ் நூல்களும் வேண்டும் என்பதை உணர்ந்தார். ‘தமிழ் எங்கள் உயிர்’ என்ற பெயரில் நிதி திரட்டும் இயக்கத்தைத் தொடங்கினார். பொதுமக்கள் சிறுகச் சிறுகக் கொடுத்த பணம் பல்கலைக்கழகத்தின் தமிழ் நூல்களுக்குத் துணையானது. 1956ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட அத்துறை பின்னர்க் கோலாலம்பூர் வளாகத்துக்கு மாறியது. அதன் தலைவராகப் பணியாற்றிய தனிநாயகம் அடிகளின் முயற்சியால் 1966ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் முதலாவது உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடு கோலாலம்பூரில் நடைபெற்றது.

இந்த வரலாறு உணர்த்துவது என்ன? பல்கலைக்கழக வாசலை ஒருநாளும் மிதிக்காத மக்களும் அதன் நூலடுக்குகளை நிரப்ப உதவியிருக்கிறார்கள். தம் கையிலிருந்த வெள்ளியைக் கொடுத்தவர்களுக்கு, தம் பேரப்பிள்ளைகள் அந்நூல்களைப் படிப்பார்கள் என்ற நம்பிக்கையே போதுமானதாக இருந்தது. அவ்வாறு உருவான நூலகத்தில், ஆண்டுக்குச் சில நாள்களாவது சமூகத்தை வரவேற்பது சலுகை ஆகாது. அது நன்றிக்கடன் ஆகும்.

நன்றிக்கடன் ஒருபுறம் இருக்க, நூலகத்தின் அடிப்படை நோக்கமும் இதையே வலியுறுத்துகிறது. சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். இரங்கநாதன் 1924ஆம் ஆண்டு சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகராகப் பொறுப்பேற்றார். கணிதப் பேராசிரியராக இருந்த அவர், நூலகப் பணியை ஓர் அறிவியலாகவே வளர்த்தார். 1931ஆம் ஆண்டு அவர் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகள் இன்றும் உலகெங்கும் கற்பிக்கப்படுகின்றன. நூல்கள் பூட்டி வைப்பதற்கல்ல, பயன்படுத்துவதற்கே என்பது அவ்விதிகளின் அடித்தளம். ஒவ்வொரு வாசகருக்கும் உரிய நூல் கிடைக்க வேண்டும் என்று கூறிய அவர், ஒவ்வொரு நூலுக்கும் உரிய வாசகர் கிடைக்க வேண்டும் என்றும் கூறினார். இந்தப் பிற்பகுதியே இங்கு முக்கியமானது. நூல் தானாக எழுந்து வாசகரைத் தேடிப் போகாது. வாசகரை அதனிடம் அழைத்து வருவது நூலகத்தின் கடமை. அக்கடமையை நிறைவேற்ற நல்ல நிகழ்ச்சி ஒரு சிறந்த வழியாகும்.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். இரண்டாம் உலகப் போரின்போது சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே சப்பானியர் இரயில் பாதை அமைத்தனர். சுமார் 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதையை அமைக்க, மலாயாவின் இரப்பர்த் தோட்டங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளர்கள் பெருந்திரளாகக் கொண்டு செல்லப்பட்டனர். பசியாலும் நோயாலும் மடிந்தவர்கள் எண்ணற்றோர். ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண இரயில்’ என்னும் நாவல் இத்துயரத்தைப் பேசுகிறது. அது வெறுமனே நூலடுக்கில் இருந்தால், தேடி வருபவர் மட்டுமே எடுப்பார். மாறாக, பாதை அமைக்கச் சென்றவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் தம் குடும்பத்தில் கேட்டறிந்த செய்திகளை நூலகத்தில் பகிர்ந்துகொள்ளும் நிகழ்ச்சி ஒன்று நடைபெறுவதாகக் கொள்வோம். அருகிலுள்ள மேசையில் அந்நாவலும், அதே நிகழ்வைப் பற்றி மலாயிலும் ஆங்கிலத்திலும் வெளிவந்த நூல்களும் வைக்கப்பட்டிருக்கின்றன. நிகழ்ச்சி முடிந்ததும் மாணவர்களின் கைகள் எந்த மேசையை நாடும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

கோலமும் அப்படித்தான். நூலக வாசலில் வண்ணக் கோலமிட்டு, அதன் முன் நின்று படம் எடுத்துக்கொள்வதோடு முடிந்தால் அது அலங்காரம் மட்டுமே. ஆனால், புள்ளி வைத்து வளைக்கும் கோலங்களுக்குள் கணித ஒழுங்கு இருப்பதை 1970களில் சென்னையில் கிப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிரிதிவாசன் ஆகிய அறிஞர்கள் ஆராய்ந்தனர். சிறு சிறு விதிகளைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்திப் பெரிய கோலத்தை உருவாக்கலாம் என்பதைக் கணினி அறிவியல் நோக்கில் விளக்கினர். கோலமிடும் பாட்டியையும் கணினித் துறை மாணவரையும் ஒரே மேசைக்குக் கொண்டுவரக்கூடிய இடம் பல்கலைக்கழக நூலகம். கோயிலில் கோலம் உண்டு. அதைப் பற்றிய ஆய்விதழ் இல்லை. ஆய்வுக்கூடத்தில் கணினி உண்டு. கோலமிடும் கை இல்லை. இரண்டும் சேரும்போது புதிய அறிவு பிறக்க வாய்ப்புண்டு.

எனினும், நூலகத்தில் நடைபெறுவதால் மட்டுமே ஒரு நிகழ்ச்சி சிறந்ததாகிவிடாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். மலேசியத் தமிழரிடையே நூல் வெளியீட்டு விழா நல்ல மரபாக வளர்ந்துள்ளது. எழுத்தாளரை ஊக்குவிக்கும் நோக்கில் பிரமுகர் ஒருவர் முதல் நூலைப் பெற்றுக்கொள்வார். மற்றவர்கள் தம்மால் இயன்ற தொகையை உறையிலிட்டுக் கொடுத்து நூலைப் பெறுவார்கள். இது பாராட்டத்தக்க பண்பே. ஆனால், மாலையும் பொன்னாடையும் வாழ்த்துரையும் முடிந்தபின் நூலைப் பற்றிப் பேச நேரமே இல்லாமல் போவதுண்டு. வாங்கிய நூல் வீட்டு அலமாரியில் பிரிக்கப்படாமலேயே கிடப்பதும் உண்டு. இத்தகைய விழாவை மண்டபத்திலிருந்து நூலகத்துக்கு மாற்றுவதால் எந்தப் பயனும் இல்லை. நூலகத்தில் நடைபெறும் விழாவில் நூலே நாயகனாக இருக்க வேண்டும், பிரமுகர் அல்லர்.

ஆகவே, நிகழ்ச்சிக்கு அனுமதி அளிப்பதற்கு முன் நூலகம் ஒரு கேள்வியைக் கேட்கலாம். இந்நிகழ்ச்சிக்கு வருபவர் எந்த நூலை நோக்கிச் செல்வார்? இதற்கு விடை இருந்தால் நிகழ்ச்சி நூலகத்துக்கு உரியது. விடை இல்லையென்றால் அதற்கு ஏற்ற இடம் மண்டபமே.

நிகழ்ச்சிகளால் சமூகம் மட்டுமே பயனடைகிறது என எண்ணுவதும் சரியன்று. நூலகத்தால் கடையில் வாங்க முடியாத ஆவணங்கள் சமூகத்திடம் இருக்கின்றன. கோயில் குடமுழுக்கு மலர், தமிழ்ப்பள்ளி ஆண்டிதழ், இளைஞர் மன்றச் சிறப்பிதழ், நாடக அறிவிப்பு, பழைய திருமண அழைப்பிதழ், தோட்டத்திலிருந்து ஊருக்கு எழுதிய கடிதம் ஆகியவை பலருடைய வீடுகளில் பழைய பெட்டிகளில் கிடக்கின்றன. மலேசியாவில் வெளியிடப்படும் நூல்களைத் தேசிய நூலகத்துக்கு அனுப்ப வேண்டும் என 1986ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. ஆனால், சிற்றூர்ச் சங்கங்கள் சில நூறு படிகள் மட்டும் அச்சிட்ட மலர்கள் பட்டியலில் ஏறாமல் போய்விடுவது எளிது. ஒரு தோட்டம் துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதியாக மாறிய பின்னர், அங்கு ஒரு பள்ளியும் கோயிலும் இருந்ததற்கு அந்த மலர்களே சாட்சி. வீடு மாறும்போது அவை பழைய தாள் வாங்குபவரிடம் போய்விட்டால், அத்தோட்டத்தின் வரலாறும் உடன் போய்விடுகிறது.

இத்தகைய பொருள்களின் மதிப்பை முன்கூட்டியே உணர்ந்தவர் தமிழ்நாட்டின் கோட்டையூரைச் சேர்ந்த ரோஜா முத்தையா. பெயர்ப்பலகை எழுதும் கலைஞரான அவர், நூல்களோடு நாடக அறிவிப்புகளையும் அழைப்பிதழ்களையும் வாழ்நாள் முழுவதும் சேகரித்தார். 1992ஆம் ஆண்டு அவர் மறைந்தபின், சிகாகோ பல்கலைக்கழகம் அத்தொகுப்பை வாங்கியது. அது நாட்டை விட்டு எடுத்துச் செல்லப்படவில்லை. சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக உருப்பெற்றது. தனிமனிதர் சேர்த்ததைப் பல்கலைக்கழகம் காத்தது. சிங்கப்பூரிலும் நாட்டின் பொன்விழா ஆண்டான 2015இல், அதற்கு முந்தைய 50 ஆண்டுகளில் வெளிவந்த சிங்கப்பூர்த் தமிழ்ப் படைப்புகளை மின்மயமாக்கும் பணியில் தேசிய நூலக வாரியமும் தன்னார்வலர்களும் கைகோத்தனர். நூலகமும் மக்களும் இணைந்தால் எவ்வளவு சாதிக்கலாம் என்பதற்கு இவை தக்க சான்றுகள்.

ஆனால், பழைய மலரைக் கையில் வைத்திருக்கும் மூதாட்டி பல்கலைக்கழக நூலகத்தைத் தேடி வருவாரா? அடையாள அட்டை கேட்கும் வாயிலும் அறிமுகமில்லாத முகங்களும் அவரைத் தயங்க வைக்கும். தம்மிடமுள்ள பொருளுக்கு மதிப்பு உண்டு என்பதே அவருக்குத் தெரியாமலிருக்கலாம். அவருடைய பேத்தி பங்கேற்கும் கதைசொல்லும் நிகழ்ச்சிக்கோ பொங்கல் கண்காட்சிக்கோ அவர் வந்தால், அத்தயக்கம் நீங்கும். அங்குக் கண்ணாடிப் பேழைக்குள் தம் தோட்டத்து மலரைப் போன்ற ஒன்றைக் கண்டால், ‘இது எங்கள் வீட்டிலும் இருக்கிறதே’ என்று சொல்வார். அந்த ஒரு சொல்லே நூலகத்துக்குக் கிடைக்கும் பெரும் வருமானம். வருடிக் கருவியை அருகிலேயே வைத்திருந்தால், மலரை நகலெடுத்துவிட்டு மூலத்தை அவரிடமே திருப்பிக் கொடுக்கலாம்.

இனி, அமைதியைப் பற்றிய அச்சத்துக்கு வருவோம். இதற்குத் தீர்வு திட்டமிடலில் உள்ளது. தரைத்தளத்தில் அல்லது தனிக் கருத்தரங்க அறையில் நிகழ்ச்சியை நடத்தினால் மேல்தள வாசகர்களுக்கு இடையூறு ஏற்படாது. தேர்வு நடைபெறும் வாரங்களில் எந்த நிகழ்ச்சியும் வேண்டாம் என விதிக்கலாம். ஒலிபெருக்கிக்கும் நேரத்துக்கும் வரையறை வகுக்கலாம். செலவைப் பொறுத்தவரை, நல்ல நிகழ்ச்சிக்கு ஆடம்பர மேடை தேவையில்லை. நாற்காலிகள், ஒரு மேசை, தேர்ந்தெடுத்த நூல்கள், அவற்றைப் பற்றிப் பேசத் தெரிந்தவர் ஆகியவை போதும். உணவையும் அச்சுச் செலவையும் சமூக இயக்கங்கள் ஏற்றுக்கொள்ளலாம். ஒரு கை தட்டினால் ஓசை எழாது அல்லவா?

இந்நிகழ்ச்சிகளால் மற்ற இன மாணவர்களும் பயனடைவர். வகுப்பில் அருகருகே அமர்ந்தும் ஒருவருடைய பண்பாட்டை மற்றவர் அறியாமல் பட்டம் பெற்றுச் செல்வோர் உண்டு. திறந்த இல்ல உபசரிப்பில் முறுக்கும் லெமாங்கும் சுவைப்பது நல்லுறவின் தொடக்கம். அந்த முறுக்குக்குப் பின்னால் உள்ள வரலாற்றைத் தமக்குத் தெரிந்த மொழியில் படிப்பது அதன் அடுத்த படி. அந்த அடுத்த படிக்கு அழைத்துச் செல்லும் வசதி நூலகத்துக்கே உண்டு.

எல்லாவற்றுக்கும் மேலாக, தமிழ் நூல் தொகுப்பின் எதிர்காலமே இதில் அடங்கியுள்ளது. எந்த நூலகத்திலும் இடம் அளவானது. நெடுங்காலம் யாரும் இரவல் பெறாத நூல்கள் கிடங்குக்குப் போவதும், பின்னர்ப் பட்டியலிலிருந்தே நீக்கப்படுவதும் நடைமுறையில் உள்ளவை. ஒரு நூல் அடுக்கில் நிலைத்திருக்க வேண்டுமெனில் அதை யாராவது கையில் எடுக்க வேண்டும். மேடையில் தமிழின் பெருமையைப் பேசுவது எளிது. ஒரு தமிழ் நூலை இரவல் பெற்றுப் படித்துத் திருப்பித் தருவது அதைவிடப் பயனுடையது.

எனவே, பல்கலைக்கழக நூலகங்கள் தம் அமைதியைக் காத்துக்கொண்டே சமூகத்துக்கும் கதவைத் திறக்க வேண்டும். சமூக இயக்கங்களும் விழாவோடு நின்றுவிடாமல், நூலுக்கும் வாசகருக்கும் பாலமாக அமையும் நிகழ்ச்சிகளைக் கொண்டு வர வேண்டும். இடைநிலைப்பள்ளி மாணவர்களுக்கும் இதில் பங்குண்டு. வீட்டுப் பெட்டியில் கிடக்கும் பழைய மலரைப் பற்றித் தாத்தா பாட்டியிடம் கேட்டறிவதற்குப் பட்டம் தேவையில்லை. சிறிது ஆர்வமே போதும். முன்னோர் தம் உழைப்பின் ஒரு பகுதியைக் கொடுத்து உருவாக்கிய நூலடுக்கு, வாசிக்க ஆளின்றி வெறுமையாகிவிடாமல் காப்பது இன்றைய தலைமுறையின் கடமையாகும்.