பன்னிரண்டு மணி நேர ஷிப்டும் ஒரு நூலகமும்

நூலகக் கட்டடங்களின் வரலாறு பெரும்பாலும் திறப்பு விழாத் தேதியில் தொடங்கி, கொடையாளரின் பெருமையில் முடிந்துவிடுகிறது. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், பிட்ஸ்பர்க்கை ஒட்டி மொனாங்கஹீலா ஆற்றங்கரையில் இருக்கிறது பிராடாக் என்னும் சிற்றூர். அதன் நூலகத்துக்கு அந்தத் தேதி 1889 மார்ச் 30. அந்தக் கொடையாளர் ஆண்ட்ரூ கார்னெகி. உலகெங்கும் சுமார் 2,500 நூலகங்களுக்குப் பணம் கொடுத்தவர், அமெரிக்க மண்ணில் முதலில் திறந்தது இதைத்தான்.

ஆனால் இந்தக் கதையை ஓராண்டு முன்னதாகத் தொடங்க வேண்டும்.

பிராடாக்கில் 1875 முதல் ஓடிக்கொண்டிருந்தது கார்னெகியின் எட்கர் தாம்சன் எஃகு ஆலை. முக்கிய உற்பத்தி ரயில் தண்டவாளம். ஆலையை நடத்திய கேப்டன் பில் ஜோன்ஸ், களைத்த ஆளிடம் நல்ல வேலை வாங்க முடியாது என்று கண்டு எட்டு மணி நேர ஷிப்டைக் கொண்டுவந்திருந்தார். 1888இல் நிர்வாகம் மறுபடியும் பன்னிரண்டு மணி நேரம் என்றது. தண்டவாளத்தின் சந்தை விலையோடு கூலியும் ஏறி இறங்கும் என்றது. தொழிலாளர்கள் மறுத்தார்கள். ஆலை மாதக்கணக்கில் மூடிக் கிடந்தது. பிங்கர்டன் என்னும் தனியார் காவல் நிறுவனத்தின் ஆட்கள் வந்து இறங்கினார்கள். கடைசியில் தொழிலாளர்கள் தனித்தனியாக ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு உள்ளே போனார்கள்.

அடுத்த ஆண்டே நூலகம் வந்தது.

வில்லியம் ஹால்சி உட் வடிவமைத்த கட்டடம். கரடுமுரடான கற்கள், கனத்த வளைவுகள் என்று கோட்டையைப் போன்ற தோற்றம். அடித்தளத்தில் குளியலறைகள். உலையடியில் வேலை முடித்து வருகிறவர் கரியையும் வியர்வையையும் கழுவிவிட்டுப் புத்தகத்தைத் தொடட்டும் என்ற ஏற்பாடு. மேலே வாசிப்பதற்கு இடம், பில்லியர்ட்ஸ் மேசைகள். 1893இல் கட்டடத்தை விரிவாக்கி இசையரங்கு, உடற்பயிற்சிக் கூடம், நீச்சல் குளம் எல்லாம் சேர்த்தார்கள். தொழிலாளியின் உடம்பில் ஒட்டும் அழுக்கு வரைக்கும் யோசித்திருக்கிறார்கள். அவருடைய நேரத்தைப் பற்றி மட்டும் யாரும் யோசிக்கவில்லை.

பன்னிரண்டு மணி நேரம் என்பதோடும் அது முடியவில்லை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பகல் ஷிப்டும் இரவு ஷிப்டும் மாறிக்கொள்ளும்போது, ஒரு பிரிவினர் தொடர்ந்து 24 மணி நேரம் நிற்க வேண்டும். பிட்ஸ்பர்க் வட்டாரத்து வாழ்க்கையை 1907, 1908இல் நேரில் ஆராய்ந்த சமூக ஆய்வாளர்கள் அங்கே கேட்ட முணுமுணுப்பையும் பதிவு செய்திருக்கிறார்கள்: கூலியைக் குறைக்காமல் இருந்திருந்தால் அந்தப் பணத்தை நாங்களே செலவழித்திருப்போம், பன்னிரண்டு மணி நேரம் உழைப்பவனுக்கு நூலகம் எதற்கு? அமெரிக்க எஃகுத் தொழிலில் பன்னிரண்டு மணி நேர வேலை கைவிடப்படத் தொடங்கியது 1923இல். நூலகம் திறந்து அதற்குள் 34 ஆண்டுகள் ஓடிவிட்டன.

அப்படியானால் அந்தக் கட்டடம் வெறும் பூச்சு வேலைதானா? அப்படிச் சொல்லிக் கைகழுவ பிராடாக்கின் பிற்கால வரலாறு விடாது. 1920இல் 20,000 பேருக்கு மேல் வாழ்ந்த ஊர் அது. எஃகுத் தொழில் சரியச் சரிய ஊரும் கரைந்தது. 2020 கணக்கெடுப்பில் 2,000 பேர்கூட இல்லை. பக்கத்து ஆலை நகரமான டுகேனில் இருந்த கார்னெகி நூலகத்தை 1968இல் இடித்துத் தள்ளினார்கள். பிராடாக் நூலகம் 1974இல் மூடப்பட்டது. அடுத்து அதன் முறைதான் என்றிருந்த நேரத்தில், கடைசி நூலகராக இருந்த டேவிட் சாலமன் ஒரே ஒரு டாலர் கொடுத்து அதை வாங்கினார். ஊர்க்காரர்கள் கூடிச் சங்கம் அமைத்தார்கள். 1980களின் தொடக்கத்தில் சிறுவர்களுக்கான ஓர் அறையோடு மறுபடியும் கதவு திறந்தது.

கார்னெகி கொடுத்தபோது பிராடாக்கிடம் யாரும் என்ன வேண்டும் என்று கேட்கவில்லை. அது கேட்டது எட்டு மணி நேர வேலையை. எண்பத்தைந்து ஆண்டுகள் கழித்து, காப்பாற்றும் பொறுப்பு வந்தபோது செல்வந்தர் எவரும் இல்லை, ஊர் இருந்தது. மேலிருந்து இறங்கிய கொடை ஊரின் சொத்தாக மாறியது அப்போதுதான். அமெரிக்க அரசு 2012இல் அதைத் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவித்தது. உலைக்கரியைக் கழுவிய அடித்தளத்துக் குளியலறைப் பகுதி மண்பாண்டக் கலைக்கூடம் ஆனது. நூலக அட்டை வைத்திருப்பவர்கள் புத்தகத்தோடு ஓவியங்களையும் இரவல் வாங்கும் வழக்கம் வந்தது. ஊரில் எட்கர் தாம்சன் ஆலை இன்னும் எஃகு உருக்குகிறது. நூலகத்தின் வரலாற்றை எழுதுகிறவர்கள் 1889க்கு முன்னால் 1888ஐயும் 1974க்குப் பின்னால் அந்த ஒரு டாலரையும் சேர்த்து எழுதட்டும்.