உதவித்தொகையில் கடன் பிடித்தம்

வாங்கிய கடனைத் திருப்பிச் செலுத்துதல் அறம். இதில் கருத்து வேறுபாடு இல்லை. ஆயினும், உண்பதற்கென அரசு வழங்கும் உதவித்தொகையிலிருந்தே அக்கடனைக் கழிக்கும்போது, எவ்வளவு கழிக்கலாம் என்னும் வினா எழுகிறது.

பிரித்தானியாவில் வேலையற்றோர்க்கும் குறைந்த வருவாய் உடையோர்க்கும் ‘யுனிவர்சல் கிரெடிட்’ என்னும் உதவித்தொகை மாதந்தோறும் வழங்கப்படுகிறது. விண்ணப்பித்தவர் கைக்கு முதல் தொகை வந்து சேர ஏறத்தாழ ஐந்து வாரங்கள் ஆகும். அதுவரை உணவுக்கும் வாடகைக்கும் வழியற்றவர் முன்பணம் பெறலாம். அதற்கு வட்டி இல்லை. ஆனால் பின்னர் வரும் மாதத் தொகைகளிலிருந்து அது சிறிது சிறிதாகக் கழிக்கப்படும். வாடகை, மின்கட்டண நிலுவைகளும் இவ்வாறே கழிக்கப்படுவதுண்டு.

இப்பிடித்தத்தின் உச்சவரம்பு ஒரு காலத்தில் அடிப்படைத் தொகையில் 40 விழுக்காடாக இருந்தது. அது 2019இல் 30 ஆகவும், 2021இல் 25 ஆகவும், 2025 ஏப்ரல் இறுதியில் 15 ஆகவும் குறைக்கப்பட்டது. அவ்வாண்டில், 25 வயது நிரம்பிய தனியொருவருக்கு உரிய அடிப்படைத் தொகை மாதம் ஏறத்தாழ 400 பவுண்டு. முந்தைய வரம்பின்படி அதில் 100 பவுண்டு வரை கழியும்; புதிய வரம்பின்படி 60 பவுண்டு வரை கழியும். மிஞ்சும் 40 பவுண்டு செல்வர்க்குச் சிறுதொகை. வறியவர்க்கோ பல நாள் உணவு.

“பொதுப்பணம் திரும்பி வர வேண்டாவா?” எனச் சிலர் வினவுவர். வரத்தான் வேண்டும். பிடித்தத்தால் நன்மையும் உண்டு; வாடகை நிலுவை அடைபடுவதால் குடியிருக்கும் வீடு காக்கப்படுகிறது. எனினும், முன்பணம் ஏன் தேவைப்பட்டது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். ஐந்து வாரக் காத்திருப்பே அதற்குக் காரணம். தாமதத்தால் விளைந்த கடனை வறியவர் தலையில் சுமத்துவது, ஒரு கையால் கொடுத்து மறுகையால் வாங்குவதற்கு ஒப்பாகும்.

நம் நாட்டில், 1871ஆம் ஆண்டின் ஓய்வூதியச் சட்டம், கடன் கொடுத்தவர் அரசு ஓய்வூதியத்தைப் பற்றுகை செய்யலாகாது என விதித்தது. கடனைவிட உயிர்வாழ்வு முதன்மையானது என்னும் எண்ணம் அதில் அடங்கியுள்ளது.

எனவே, காத்திருக்கும் காலம் குறைய வேண்டும். பிடித்தம் செய்யுமுன் கடனாளியின் குடும்பச் செலவைக் கேட்டறிய வேண்டும். கடனுக்குத் தவணை சொல்லலாம். பசிக்குத் தவணை சொல்ல இயலாது.

சிந்தித்து எழுதுக: உதவித்தொகையில் கடனைப் பிடித்தம் செய்வது குறித்து உம் கருத்து யாது? காரணம் காட்டி ஐந்து தொடர்களில் எழுதுக.