கணக்குப் பெட்டியின் சாவி யார் கையில்?

சிட்டையும் பேரேடும் எழுதிய காலம் போய், பில் போடும் கணினியும் கிடங்குக் கணினியும் வீட்டுக் கணினியும் ஒரே கணக்கைப் பார்க்கும் காலம் வந்துவிட்டது. தம்மம்பட்டி போன்ற ஊர்களில் முன்னே கடை, பின்னே கிடங்கு, மேலே வீடு என்று இருக்கும் வணிகருக்கு இது மிகவும் வசதி. ஹார்டு டிஸ்க் அடங்கிய சிறு சேமிப்புப் பெட்டி ஒன்றை வீட்டு ரவுட்டருடன் இணைத்துவிட்டால் போதும். செவ்வாய்ப்பேட்டையில் சரக்கு எடுத்த பில், அன்றைய விற்பனை, வரவேண்டிய பாக்கி அனைத்தும் அதில் அடங்கிவிடும். 'நாஸ்' என்று கணினிக் கடைக்காரர்கள் சொல்வது இந்தப் பெட்டியைத்தான்.

ஆனால், பெட்டி திறக்க மறுக்கும் நாளில்தான் நம் நிலைமை நமக்கே தெரிகிறது. நேற்று வரை திறந்த ஃபோல்டர் இன்று திறக்கவில்லை. ஜி.எஸ்.டி. தாக்கலுக்கு நாள் நெருங்குகிறது. பாஸ்வேர்டு என்னவென்று கேட்டால், "பெட்டி மாட்டிய மெக்கானிக்கிடம் இருக்கிறது" என்ற பதில் வருகிறது. அவரோ ஆத்தூரிலிருந்து வரவேண்டும். கல்லாப்பெட்டிச் சாவியை நம்பிக்கையான ஆளிடம் கொடுக்கக்கூட யோசிக்கும் நாம், கணக்குப் பெட்டியின் சாவியை மட்டும் யாரிடமோ விட்டுவைப்பது எந்த வகையில் நியாயம்?

சட்டம் என்ன சொல்கிறது?

ஜி.எஸ்.டி. சட்டத்தின் 36ஆம் பிரிவின்படி, ஆண்டு அறிக்கைக்குரிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் வரை கணக்குகளைப் பாதுகாக்க வேண்டும். 2022-23ஆம் ஆண்டுக் கணக்கை 2029 டிசம்பர் 31 வரை வைத்திருக்க வேண்டும் என்பது இதன் பொருள். 2017ஆம் ஆண்டு விதிகளில் 57ஆம் விதி, கணினிக் கணக்குக்கு முறையான மாற்றுப் பிரதி இருக்கவேண்டும் என்கிறது. அதிகாரி கேட்டால் ஃபைல்களின் விவரத்தையும் பாஸ்வேர்டையும் தரவேண்டும் என்றும் அதே விதி சொல்கிறது. "மெக்கானிக்கிடம் இருக்கிறது" என்பது அங்கே செல்லுபடியாகாது.

முதலில் நாமே பார்க்கவேண்டியவை

பெட்டி திறக்கவில்லை என்றதும் டிஸ்க் போய்விட்டது என்று பதற வேண்டாம். பல நேரங்களில் கணக்கு பத்திரமாகவே இருக்கும். அதற்குப் போகும் வழிதான் அடைபட்டிருக்கும்.

முதல் கேள்வி: எல்லாக் கணினிகளிலும் திறக்கவில்லையா, ஒன்றில் மட்டுமா? எல்லாவற்றிலும் என்றால் பெட்டியின் விளக்கு, ஒயர், ரவுட்டர் இவற்றைப் பார்க்கவேண்டும். ஒன்றில் மட்டும் என்றால் கோளாறு அந்தக் கணினியில்தான் இருக்கும். பெட்டியைத் தொடவே கூடாது.

இரண்டாவது விலாசம். 'நெட்வொர்க் பாத் நாட் ஃபவுண்ட்' என்று திரையில் வந்தால், கணினிக்குப் பெட்டியின் இருப்பிடம் தெரியவில்லை என்று அர்த்தம். ஒவ்வொரு கருவிக்கும் ரவுட்டர் ஓர் எண்ணைக் கொடுக்கிறது. கரண்ட் போய் வந்த பிறகு நேற்று 192.168.1.50 ஆக இருந்த பெட்டி இன்று 192.168.1.53 ஆகிவிடலாம். பெட்டியின் பெயரைப் போட்டுத் திறக்கவில்லை என்றால் \\192.168.1.50 என்பதுபோல எண்ணைப் போட்டுப் பார்க்கலாம். ரவுட்டரிலேயே பெட்டிக்கு ஒரு நிரந்தர எண்ணை ஒதுக்கிவிட்டால் இந்தத் தொல்லை தீரும். வாடிக்கையாளருக்கென்று தனியாக விட்ட வைஃபையில் நம் கணினி சேர்ந்திருந்தாலும் பெட்டி தெரியாது.

மூன்றாவது உரிமை. 'ஆக்சஸ் டினைடு' என்று வந்தால் வீடு தெரிகிறது, கதவு திறக்கவில்லை என்று பொருள். கணினியைத் திறக்கப் போடும் பின் நம்பர் வேறு. பெட்டியின் பாஸ்வேர்டு வேறு. பெட்டியில் பாஸ்வேர்டை மாற்றிய பிறகும், கணினி பழையதையே நினைவில் வைத்து அனுப்பிக்கொண்டிருக்கும். விண்டோஸில் 'கிரெடென்ஷியல் மேனேஜர்' என்ற இடத்தில் பழையதை நீக்கிவிட்டுப் புதியதைப் போடவேண்டும். ஃபைல் திறக்கிறது, திருத்த முடியவில்லை என்றால், அந்தப் பெயருக்குப் பார்க்க மட்டுமே அனுமதி இருக்கிறது என்று புரிந்துகொள்ளலாம்.

நான்காவது, விண்டோஸ் புதுப்பித்தல். 2024 அக்டோபரில் வந்த விண்டோஸ் 11, 24எச்2 பதிப்பில் புரோ வகைக் கணினிகள், பாஸ்வேர்டு இல்லாமல் விருந்தாளியாக நுழையும் வழியை மூடிவிட்டன. அதுவரை பூட்டே இல்லாமல் ஓடிக்கொண்டிருந்த பெட்டிகள் அதன்பின் திறக்கவில்லை. இதற்கு மருந்து, பெட்டியில் பெயரும் பாஸ்வேர்டும் வைத்துக்கொள்வதுதான்.

குறுக்கு வழி வேண்டாம்

அவசரத்துக்கு வரும் சிலர் ஃபயர்வாலை அணைத்துவிடுகிறார்கள், எல்லா ஃபோல்டரையும் எல்லோருக்கும் திறந்துவிடுகிறார்கள், 'எஸ்.எம்.பி. 1' என்ற பழைய முறையை மறுபடி இயக்கிவிட்டுப் போகிறார்கள். பெட்டி உடனே திறக்கும். நமக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் அது பூட்டைப் பழுதுபார்த்ததாகாது; கதவையே கழற்றி வைத்ததாகும்.

2017 மே 12 அன்று 'வானாகிரை' என்ற வைரஸ் அந்தப் பழைய முறையின் ஓட்டை வழியாகத்தான் 150க்கும் மேற்பட்ட நாடுகளில் பரவி, ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. பிரிட்டனின் அரசு மருத்துவமனைகள் தடுமாறின. நம் பக்கத்துக் கேரளத்தில் பஞ்சாயத்து அலுவலகக் கணினிகளும் மாட்டிக்கொண்டன. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் இரண்டு மாதம் முன்பே, மார்ச் 14 அன்று, கொடுத்திருந்தது. போடாதவர்கள்தான் அகப்பட்டார்கள்.

இன்னொரு பாடம் 2021 ஜூனில் கிடைத்தது. வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனத்தின் 'மை புக் லைவ்' என்ற வீட்டுச் சேமிப்புப் பெட்டிகள், நேராக இன்டர்நெட்டுக்குத் திறந்திருந்தவை, பல நாடுகளில் ஒரே இரவில் துடைத்தெடுக்கப்பட்டன. அந்த மாடலுக்குப் புதுப்பித்தல் 2015ஆம் ஆண்டோடு நின்றிருந்தது. வெளியூரிலிருந்து கணக்குப் பார்க்கும் ஆசையில் பெட்டியை நேராக இன்டர்நெட்டுக்குத் திறந்துவிடுவோர் இதை மறக்கக்கூடாது.

பெட்டிக்குள் இரண்டு டிஸ்க் இருப்பதால் பயமில்லை என்று சிலர் சொல்கிறார்கள். ஒன்றில் அழிந்தால் மற்றதிலும் அழியும். வாரம் ஒருமுறை வெளி டிஸ்கில் பிரதி எடுத்து, கழற்றித் தனியே வைப்பதே பாதுகாப்பு.

சிறிய கடைக்கு இதெல்லாம் தேவையா?

"ஒரே கணினி வைத்திருக்கும் மளிகைக் கடைக்கு எதற்கு இத்தனை?" என்று கேட்பது நியாயமே. அவருக்குப் பெட்டியே தேவையில்லை; பிரதி எடுக்க ஒரு வெளி டிஸ்க் போதும். ஆனால் இரண்டு மூன்று கணினிகளை இணைத்துவிட்ட பிறகு, இது மெக்கானிக்கின் வேலை என்று ஒதுங்குவது சரியல்ல. மெக்கானிக்கைக் குறை சொல்வதும் என் நோக்கமல்ல. பழுது பார்ப்பது அவர் தொழில்; பொறுப்பு நம்முடையது.

ஆகவே வேலை முடிந்ததும் ஒரு தாளில் எழுதி வாங்குங்கள்: பெட்டியின் எண், யார் யாருக்கு என்ன பெயர், எந்த ஃபோல்டரில் என்ன அனுமதி, இன்று எதை மாற்றினார். பாஸ்வேர்டை மட்டும் நீங்களே மாற்றி எழுதி, அந்தத் தாளைப் பத்திரப்பதிவுக் காகிதங்களோடு பூட்டி வையுங்கள். வேலையை விட்டு நின்ற பையனின் பெயரைப் பெட்டியிலிருந்து அன்றே நீக்குங்கள். நம் சங்கமும் ஆண்டுக்கு ஒருநாள் இதற்கென்று பயிற்சி நடத்தவேண்டும். வந்த மெக்கானிக்கிடம் என்ன கேட்பது என்று தெரிந்தாலே பாதி வேலை முடிந்தது.

ஆயுத பூஜையன்று தராசுக்கும் படிக்கும் சந்தனம் குங்குமம் வைக்கிறோம். இப்போது கணினிக்கும் வைக்கிறோம். அன்றே பாஸ்வேர்டை மாற்றி, பிரதி எடுத்த டிஸ்கிலிருந்து பழைய பில் ஒன்றைத் திறந்தும் பார்த்துவிடுவோம். தராசைச் சரிபார்க்கும் வணிகன் தன் கணக்குப் பெட்டியையும் சரிபார்க்கவேண்டாமா?